இலைப்புள்ளி நோயும் ஒரு வாளித் தீர்த்தமும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது கதையாகத் தொடங்கியதல்ல. தேனியிலிருந்து வரும் ஒரு வீட்டுத்தோட்ட மாத இதழுக்கு இரண்டு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. ஆசிரியர் விஜய்ராஜ் போனில் கேட்டார். "மேடம், வீட்டுச் செவ்வந்தியில வர்ற பூஞ்சை நோய். வராமத் தடுக்குறது எப்படி, வந்துட்டா என்ன செய்யுறது. டிசம்பர் இதழுக்கு வேணும். உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

ஜுஜுபிதான். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரமும் மருந்தும் விற்கிற கடை என்னுடையது. இங்கே யாரும் பெயர் சொல்லி மருந்து கேட்பதில்லை; நோய் பிடித்த இலையைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நான் பார்த்துச் சொல்லுவேன். அதனால் என் பெயர் ஜெபா என்பதே பலருக்கு மறந்துபோய், டாக்டரம்மா ஆகிவிட்டேன். பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை. வானம் லேசாகக் கறுத்தாலே ஆட்கள் மருந்து டேங்கைத் தோளில் மாட்டிவிடுவார்கள். பூஞ்சை எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி, கூப்பிடாமலே வந்துவிடும்.

கூட்டமில்லாத நேரத்தில் நான் கதையும் எழுதுவேன். இதுவரை நாலு அச்சாகியிருக்கிறது. வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

கட்டுரை இப்படித்தான் ஆரம்பித்தது: "செவ்வந்தியில் பூஞ்சை நோய்கள் பெரும்பாலும் ஈரத்தால் பரவுகின்றன. மாலையில் இலை நனைந்து, இரவெல்லாம் அந்த ஈரம் காயாமல் இருந்தால்"

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அதை முடிக்கப் போகும்போதெல்லாம் ராயப்பன்பட்டி வியாகுலமேரி அக்கா வந்து குறுக்கே நின்றுவிடுகிறார். இந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்லுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2

சரி, கதையாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொடக்கங்கள்:

(அ) "செவ்வந்தியின் தாயகம் சீனா." இது பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் போட்டி. அடித்துவிட்டேன்.

(ஆ) "மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மனத்திலும்" இந்த ஊரில் எந்தக் கதையைத் தொடங்கினாலும் மலை முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருகிறது. மலை அதுபாட்டுக்கு அங்கன இருக்கட்டும்.

(இ) "ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, ராயப்பன்பட்டி வியாகுலமேரி ஓர் இலையைக் கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தார்."

இது நிற்கும் போலிருக்கிறது. நடந்ததும் இதுதான்.

3

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, ராயப்பன்பட்டி வியாகுலமேரி ஓர் இலையைக் கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தார். வயது ஐம்பத்து நாலு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் உட்கார வைக்கிற குரல்.

"ஏத்தா ஜெபா, இதைக் கொஞ்சம் பாரு. கீழ் இலையில ஆரம்பிச்சு மேல ஏறிக்கிட்டே வருது."

பழுப்பும் கறுப்புமாய் வட்டப் புள்ளிகள். சுற்றி மஞ்சள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இலைப்புள்ளி நோய், அக்கா. பூஞ்சைதான். எத்தனை செடி?"

"பன்னெண்டு. அவரு வச்சது."

அவர் என்றால் சின்னப்பராஜ் அண்ணன். திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். மாசி மாதம் பன்னிரண்டு செவ்வந்திக் கன்றுகளை வாசலில் நட்டுவிட்டு, "பன்னெண்டு அப்போஸ்தலர். இதுல யூதாஸ் எதுன்னு போகப்போகத் தெரியும்" என்று சிரித்தாராம். இருபது நாளில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

"கல்லறைத் திருநாளுக்குப் பூத்துருமா?" என்றார் அக்கா.

"நவம்பர் ரெண்டா?"

"ஆமா. அவருக்கு இது மொதக் கல்லறைத் திருநாளு. அவரு வச்ச செடியில பூத்ததைத்தான் போடணும்னு நெனச்சிருக்கேன். கடையில வாங்குன பூவைப் போட்டேன்னு வையி, அந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்து சண்டைக்கு வருவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பாட்டுப் புத்தகத்தை மூடும்போது அந்த நோய் பிடித்த இலையை மறுபடியும் உள்ளேயே வைத்தார்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். செடிக்குச் செடி ஒரு முழம் இடைவெளி இருக்கிறதா? இருக்கிறது. தண்ணீர் எப்போது, எங்கே ஊற்றுகிறீர்கள்?

"காலையில. வேர்ல. என்னத்தா கேக்குற, மருந்தடிக்கிறவரு பொண்டாட்டி நானு."

புள்ளி விழுந்த இலைகளை ஈரமில்லாத நேரமாகப் பார்த்துக் கிள்ளி, கீழே சிந்தாமல் பையில் போட்டுக் கொண்டுபோய்த் தூரத்தில் எரிக்கச் சொன்னேன். மேங்கோசெப் தூள் லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிராம், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி, பத்து நாளுக்கு ஒரு தடவை. கையுறை, முகத்துக்குத் துணி. எல்லாவற்றையும் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு போனார்.*

* விஜய்ராஜ் சாருக்காக: இலை மேல் திருநீறு பூசியது போல வெள்ளையாக இருந்தால் அது சாம்பல் நோய், நனையும் கந்தகம் அடிக்கலாம், உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெய் அடித்த ரெண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை கருகிவிடும். இலைக்கு அடியில் பழுப்புக் கொப்புளம் இருந்தால் துரு நோய். அந்த இலையைக் கிள்ளி எறிவதுதான் முதல் வைத்தியம். பார்த்தீர்களா, கட்டுரையும் உள்ளேதான் இருக்கிறது.

4

பதினைந்து நாள் கழித்து வந்தார். புள்ளி நடுத்தண்டுவரை ஏறியிருந்தது. மருந்து பழசா என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், இல்லை. அளவு சரி. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் ராயப்பன்பட்டிக்குப் போனேன்.

வாசல் பளிச்சென்று இருந்தது. ஒரு காய்ந்த இலை கீழே இல்லை. செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. காப்பி குடித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அக்கா முட்டி போட்டு ஜெபமாலை சொல்லி முடித்தார். பிறகு மாதா படத்துக்குக் கீழிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்தார், ஒரு வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டார், சிலுவை போட்டார், வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி, பன்னிரண்டு செடிக்கும் உச்சியிலிருந்து ஊற்றினார்.

நான் காப்பி டம்ளரோடு எழுந்துவிட்டேன்.

"அக்கா, தண்ணி காலையில ஊத்துறதாச் சொன்னீங்க!"

"தண்ணி காலையிலதான ஊத்துறேன்?" அக்காவுக்கு ஆச்சரியம். "இது தண்ணி இல்லத்தா. தீர்த்தம்."

[இங்கே நான் சொல்ல வேண்டியது: "அக்கா, அந்தத் தீர்த்தம்தான் செடியை"]

சொல்லவில்லை. "காப்பி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

5

வாசகரே, கேட்பீர்கள்: இதில் என்ன இவ்வளவு தயக்கம்? ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் வீட்டில் தீர்த்தம் கிடையாது, மாதா படம் கிடையாது. அந்த ஊரோ தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க ஊர். அங்கன போய், மாதா படத்துக்கு முன்னால் நின்று, புருசனை இழந்து ஆறு மாதமான ஒரு அம்மாவிடம், உங்கள் தீர்த்தத்தால்தான் நோய் வருகிறது என்று நான் சொன்னால் அது விவசாய ஆலோசனையாகவா கேட்கும்?

கதை எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு, ஆட்களை மாற்றிவிடலாம். மாற்றிப் பார்த்தேன். என்னையே கத்தோலிக்கப் பெண்ணாக்கி எழுதினேன். இரண்டே வரியில் பிரச்சினை தீர்ந்து, கதையும் தீர்ந்துவிட்டது. அக்காவை மயிலாடும்பாறைக்கு மாற்றி, பிச்சையம்மாள் என்று பெயர் வைத்து, கையில் குலசாமி கோயில் தண்ணீரைக் கொடுத்தேன். பிச்சையம்மாள் நல்ல மனுஷிதான், ஆனால் வாயே திறக்கவில்லை. பேசுவதெல்லாம் வியாகுலமேரிதான். கடைசியில் பிச்சையம்மாளை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கோழை என்கிற பாத்திரம்தான் எனக்கு மிச்சம்.

6

ஆகஸ்ட் கடைசியில் அக்கா வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போனார். போகவர இரண்டு வாரத்துக்கு மேல். செடிகளைப் பக்கத்து வீட்டு நாத்தனார் கிளாராவிடம் ஒப்படைத்தார். கிளாராவுக்குச் செடி கொடி என்றாலே சலிப்பு. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு தூரிலும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். மாலையில் சீரியல் இருக்கிறது, அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார்.

உலகத்தில் செவ்வந்திக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. புதுத் துளிர் ஒரு புள்ளிகூட இல்லாமல் வந்தது.

அக்கா திரும்பியதும் எனக்குப் போன். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"ஆத்தா, மாதா குணமாக்கிருச்சு! அங்கன முட்டி போட்டு நடந்தேன், இங்கன செடி துளுத்துருச்சு! நீ குடுத்த மருந்தும் நல்ல மருந்துதான், நான் இல்லங்கல. ஆனா மாதா மாதாதான்."

"ரொம்ப சந்தோசம்க்கா."

"அங்க இருந்து தீர்த்தம் கொண்டாந்திருக்கேன்த்தா. அஞ்சு லிட்டர் கேன். இனிமே நாலு சொட்டுக் கணக்கெல்லாம் இல்ல. தாராளமா ஊத்தலாம்."



7

இரண்டு வாரம் பொறுத்தேன். புள்ளி திரும்பி வந்தது. இலையோடு கடைக்கு வந்த அக்காவின் முகத்தைப் பார்த்தபோது, இனிமேலும் மருந்து விற்றால் அது திருட்டு என்று பட்டது. சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, சாயந்தரம் நீங்க தீர்த்தம் ஊத்துறப்ப இலை நனையுது. ராத்திரி பூரா காயாது. அந்த ஈரத்துலதான் பூஞ்சை வளருது. மேல இருந்து ஊத்துறப்ப ஒரு இலையில இருந்து இன்னொரு இலைக்குத் தெறிச்சு ஒட்டிக்குது. நீங்க ஊர்ல இல்லாதப்ப யாரும் ஊத்தல, அதான் துளுத்துச்சு."

கடையில் இருந்த ரெண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"அப்ப எங்க தீர்த்தம் நோவு குடுக்குதுங்கிற?"

"தீர்த்தம் இல்லக்கா, ஈரம்."

"உங்க சபைக்காரவுக எப்பவுமே இப்படித்தான். மாதாவைக் குறை சொன்னாக, சொரூபத்தைச் சொன்னாக, இப்ப தீர்த்தத்துக்கு வந்துட்டீக." பையைத் தோளில் மாட்டினார். "அவரு போனப்ப கூட நான் மாதாவை ஒரு வார்த்தை பேசலத்தா. நீ பேசுற."

இலையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை, அதுதான் இன்னும் வேதனையாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் கடையைத் திறக்கும்போது வாசலில் நிற்கிறார்.

"சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்" என்றார், வணக்கம்கூட இல்லாமல். "ஒன்னையக் கடையில வச்சு ஏசிப்புட்டேன்ல, அதைச் சொன்னேன். அப்படியே தீர்த்தத்து மேலயும் சந்தேகம் வந்துருச்சு சாமின்னு அதையும் சொன்னேன்."

"இமானுவேல் சாமி என்ன சொன்னாக?"

"அதெல்லாம் வெளிய சொல்ற பேச்சா?" என்று முறைத்தார். "இனிமே காலையில, வேர்ல, ஒரு செம்புல கலந்து ஊத்துறேன். மருந்து எவ்வளவு வாங்கணும்?"

கதையின் திருப்பமே சாமி சொன்ன அந்த ஒரு வார்த்தை. அது எனக்குக் கிடைக்கவில்லை. நானே எழுதிப் பார்த்தேன்:

(அ) "மகளே, விசுவாசம் வேரிலிருந்து வர வேண்டும்." நாடகத்தனம்.

(ஆ) "அம்மா, என் ரோஜாச் செடிக்கும் இதே நோய்தான், அந்த டாக்டரம்மா நம்பர் குடுங்க." சிரிப்பு வருகிறது, ஆனால் பாவசங்கீர்த்தனக் கூண்டில் யாரும் போன் நம்பர் கேட்க மாட்டார்கள்.

(இ) "தீர்த்தத்தை எங்கே ஊற்றினாலும் மாதா"

விட்டுவிட்டேன். [இங்கே சாமி சொன்னது வர வேண்டும். வராது.]

8

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வானம் தன் பங்குக்கு உச்சியிலிருந்து ஊற்றியது. தூரைச் சுற்றி வைக்கோல் பரப்பச் சொன்னேன், சேறு தெறித்து இலையில் படாமல் இருக்க. அக்கா பள்ளிக்கூடத்துப் பழைய தார்ப்பாயை வாங்கிவந்து, நாலு கம்பு நட்டு, காற்றுப் போக இடம் விட்டுக் கூரை போட்டார். யூதாஸ் எதுவென்றும் தெரிந்தது. கிழக்கு ஓரத்துச் செடி பட்டுப்போனது. வேரோடு பிடுங்கி எரித்தோம். மற்றப் பதினொன்றிலும் மொட்டு கட்டியது.

இன்றைக்கு அக்டோபர் முப்பது. மொட்டுகளின் நுனியில் மஞ்சள் தெரிகிறது, அவ்வளவுதான். வெயில் வந்தால் மூன்று நாளில் விரியலாம். மழை நின்றால்தான் வெயில். நாளைக்குள் நான் இதை விஜய்ராஜ் சாருக்கு அனுப்ப வேண்டும். ஆகவே மூன்று முடிவுகளை எழுதிவைத்தேன்: பூத்தது; பூக்கவில்லை, அக்கா மொட்டுகளையே வைத்தார்; பூக்கவில்லை, கடைப்பூ வாங்கினார். மூன்றையும் போட்டு, "வாசகரே, உமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும்" என்று முடிப்பதாகத் திட்டம். இந்த மாதிரிக் கதைகளை அப்படித்தான் முடிப்பார்கள்.

சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தார். எழுதியதைப் பிடுங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுவதையும் படித்தார்.

"அம்பத்தி நாலுன்னு ஏன் போட்ட? ஆவணியிலதான அம்பத்தி மூணே முடிஞ்சுச்சு. அம்பத்தி மூணுன்னு போடு."

"சரிக்கா."

சாமி சொன்னதாக நான் எழுதிய மூன்றையும் படித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒண்ணு கூட இல்ல" என்றார். சாமி என்னதான் சொன்னார் என்று மட்டும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"இது என்ன, மூணு முடிவு?"

"படிக்கிறவுககிட்ட விட்டுருக்கேன்க்கா. அவுக எதை வேணா எடுத்துக்கிடட்டும்."

"அது எப்படி? ஆயிரம் பேர் படிச்சா, எவனாச்சும் ஒருத்தன் பூக்கலங்கிறதை எடுத்துக்கிடுவான்ல? அவன் வீட்டுல எம்புருசன் பூ இல்லாமக் கிடப்பாரா?"

கதை எப்படி எழுத வேண்டும் என்று நான் படித்ததில் எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

"பூத்துச்சுன்னு எழுது" என்றார்.

"இன்னும் பூக்கலயேக்கா."

"நீ எழுதுறது டிசம்பர்லதான வருது? அதுக்குள்ள பூக்காதா? எழுது."

பேனாவை எடுத்தேன். "எத்தனை பூ?"

"நூறுன்னு எழுதிப்புடாத. நோவு கண்ட செடி, ஒருத்தரும் நம்ப மாட்டாக." மேசையில் விரலை வைத்துக் கணக்குப் போட்டார். "முப்பது எழுது."

முப்பது என்று எழுதினேன். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் கம்பம் போகிற பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"முப்பத்தொண்ணு எழுதுத்தா."

"ஏன்க்கா?"

"முப்பது அவருக்கு." கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். "இருவத்தெட்டு வருசத்துல அந்த மனுசன் ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல. கேட்டா, சுத்திப் பாரு, இம்புட்டுப் பச்சை இருக்கு, பூ எதுக்குடின்னுவாரு. அப்பேர்ப்பட்டவரு பன்னெண்டு கன்னு வாங்கியாந்து வச்சாரு. அப்ப அவருக்கு ஒரு நோவும் இல்ல. கல்லறைக்குன்னா வச்சிருப்பாரு?"

முப்பதை அடித்துவிட்டு முப்பத்தொன்று என்று எழுதினேன்.

"ஒண்ணை நான் தலையில வச்சுக்கிட்டேன்னு எழுது. தெருவுல யாரும் கேட்டா, அது கதை, ஜெபா எழுதிப்புட்டான்னு சொல்லிக்கிடுறேன்."

9

வாசகரே, உங்களுக்கு என்று வைத்திருந்த மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். உங்களில் அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் யாரையும் நம்புவதற்கில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி காலை ராயப்பன்பட்டியில் மழை இல்லை. பதினொரு செடியில் முப்பத்தொரு பூ பூத்திருந்தது. நல்ல மஞ்சள். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. முப்பதை வியாகுலமேரி ஒரு தாம்பாளத்தில் கொண்டுபோய்ச் சின்னப்பராஜின் கல்லறையில் வைத்தார். ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, பெரிய தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்து வந்தார்.